கட்டை கொடுத்து மாறு கொண்ட காதை

வாழ்க கமலவேணி. மலாக்கா நகரில், சினங்கொண்ட யானையின் பெயரைத் தாங்கிக்கொண்டு சாதுவாகக் கிடக்கும் கஜா பேராங் வீதியை ஏழாண்டுக் காலம், மழையென்றும் வெயிலென்றும் பாராமல், சேவல் விழிக்குமுன் தான் விழித்து விளக்கிய வளைக்கரத்தாள் வாழ்க. சருகுப் படைகளைச் சாக்கடை வரை துரத்திச் சென்றவள், காகிதக் கூட்டத்தைக் காற்று கைப்பற்றும் முன் கைப்பற்றியவள், தன் எல்லை முடிந்த பின்னும் பக்கத்து வாசலின் நாலடியைச் சேர்த்துக் கூட்டிவிட்டு யாரிடமும் சொல்லாதவள், அவள் வாழ்க. எடுத்த காரியம் இடையூறின்றி முடியும்பொருட்டுத் தும்பிக்கையான் திருவடியைத் தொழுதோம். அவனை அடுத்து, எந்தப் புராணமும் பாட மறந்த ஈர்க்குமாற்றையும் தொழுதோம்.

அம்மாற்றின் பெருமையைச் சிறிது கேளுங்கள். கடற்காற்றில் தலைவிரித்தாடும் தென்னையின் கீற்றைக் கிழித்து, நரம்பைச் சீவி, நூற்றுக்கணக்கான ஈர்க்குகளை ஒருதாய் மக்கள்போல் ஒன்று சேர்த்து, இரும்புக் கம்பி வளையத்தால் இறுக்கி, கைக்கடக்கமான மரப்பிடியில் பூட்டி, அந்தப் பிடியிலே நகர மன்றத்தின் முத்திரையைப் பழுக்கக் காய்ச்சிய இரும்பால் சுட்டு இறக்கினார்கள். முத்திரை இல்லாத மாறு, மகுடம் இல்லாத மன்னனைப் போன்றது. அதை ஏந்தி நிற்பவர் எவரானாலும் காலைப் பெரட்டில், பெயர் கூப்பிடும் அந்த வேளையில், வராதவராகவே கருதப்படுவார்.

மாற்றைக் காக்க ஒரு சட்டமும் இருந்தது. போர்க்காலத்துக்குப் பின் வந்த பஞ்ச நாட்களில், வீதிக்கென்று புறப்பட்ட மாறுகள் பல வழிதவறி வீட்டு அடுப்படிகளில் குடியேறிவிட்டன என்பதால் இயற்றப்பட்ட சட்டம் அது. புது மாறு வேண்டுவோர் தேய்ந்த பழங்கட்டையைத் திருப்பிக் கொடுக்கக் கடவர். அக்கட்டை ஒரு சாணுக்குக் குறையலாகாது. அதன்மேல் முத்திரை விளங்க வேண்டும். இம்மூன்று வாசகங்களையும் துப்புரவுக் கிளையின் ஸ்டோர் கணக்கரான கிராணி கலியாணசுந்தரம், தேவாரத்துக்கு அடுத்தபடியாக மனப்பாடம் செய்திருந்தார். நெற்றி நிறையத் திருநீறும், மூக்கு நுனியில் கண்ணாடியும், மேசைமேல் ஓர் அடிக்கோலும் கொண்டு, கம்பி வலையிட்ட தம் ஜன்னலுக்குப் பின்னால் அவர் அமர்ந்திருக்கும் காட்சி, கோட்டையை ஒற்றையாளாகக் காக்கும் தளபதியின் காட்சியை ஒத்தது.

இத்தகைய சட்டமும் இத்தகைய காவலரும் இருந்த நாட்டில் போர் மூண்டது எவ்வாறு என்று கேட்பீர்கள். பக்தியால் மூண்டது.

மெர்டேக்கா முழக்கம் எழுந்து நான்கரை மாதம் ஆகியிருந்தது. ஐம்பத்தெட்டாம் ஆண்டின் தை பிறக்கப் போகிறது. சுதந்திர நாட்டின் முதல் போகி. துப்புரவுத் தொழிலாளர் குடியிருந்த லயத்தின், அந்த வரிசை வீடுகளின், முன்னே, இருபத்திரண்டு குடும்பங்களும் பழம்பாயையும் கிழிந்த சாக்கையும் குவித்துத் தீமூட்டியிருந்த வைகறையில், கூட்டுவோரை மேய்க்கும் மேஸ்திரியான மண்டோர் மருதமுத்து, இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு, ஆறடிச் சுவாலையின் முன் நின்று பிரகடனம் செய்தார்.

“மெர்டேக்கா வந்து மொத போகி இது. வெள்ளைக்காரன் காலத்துச் சாமான் ஒண்ணுகூட லயத்துல மிச்சம் இருக்கக் கூடாது. தேஞ்ச மாத்தையும் தூக்கிப் போடுங்க. பொங்கலுக்கு அப்பறம் புது மாறு, புது நாடு.”

யார்தான் மறுப்பர். இருபத்திரண்டு மாறுகளும் வேள்வியில் சொரிந்த நெய்யென நெருப்பில் பாய்ந்தன. பிள்ளைகள் தகர டின்னைத் தட்டி ஆர்ப்பரித்தனர். எல்லாம் எரிந்து அடங்கி, சாம்பலின்மேல் கம்பி வளையங்கள் மட்டும் சிவந்து கிடந்த வேளையில்தான், கமலவேணியின் அக்காள் பொன்னம்மா மெல்லக் கேட்டாள்.

“ஏன் மண்டோரே, அந்தக் கட்டைங்கள கிராணிகிட்ட திருப்பிக் குடுக்கணும்ல?”

மண்டோர் சாம்பலைப் பார்த்தார். சாம்பல் மண்டோரைப் பார்த்தது. பொங்கல் விடுமுறை இரண்டு நாளும் அவர் அந்தச் சாம்பல் பக்கமே போகவில்லை.

இங்கே நம் நாயகியின் நிலையைச் சொல்லியாக வேண்டும். மாறில்லாமல் பெரட்டுக்கு வருவோர் வராதவராகக் குறிக்கப்படுவர் என்பது எல்லார்க்கும் பொது; மற்றவர்க்கு நாள் போனால் நாளோடு போயிற்று. ஆனால் கமலவேணி ஏழாண்டாக அன்றாடக் கூலிக்காரி. நிரந்தர வேலைக்கான பட்டியலில் அவள் பெயர் இவ்வாண்டுதான் ஏறியிருந்தது. அந்த வெள்ளிக்கிழமை மேலே அனுப்பப்பட இருந்த அப்பட்டியலில், தொடர்ந்து மூன்று நாள் வராதவர் பெயர் அடிக்கப்படும். பெயர் நின்றால் லயத்தில் ஓர் அறை கிடைக்கும். அதுவரை அவளும் அவள் இரு பெண்களும் பொன்னம்மா வீட்டு நடையில், வருவோர் போவோர் கால்களுக்கிடையே, பாயை விரித்தும் சுருட்டியும் வாழ்ந்து வந்தனர். பெரிய பெண்ணுக்குப் பன்னிரண்டு வயது நடந்துகொண்டிருந்தது. உடை மாற்ற ஒரு மறைவு வேண்டும் என்பதை அவள் வாய்விட்டுக் கேட்கவில்லை. கேட்காததுதான் தாயை அறுத்தது.

புதன்கிழமை விடிந்தது. பெரட்டுக் களத்தில் மண்டோர் இருபத்திரண்டு பெயரையும் படித்தார். ஒவ்வொரு பெயருக்கும் “மாறு?” என்று கேட்டார். ஒவ்வொரு வாயும் “இல்ல” என்றது. நெருப்பில் போடச் சொன்ன அதே கை, இருபத்திரண்டு முறை இல்லையென்று எழுதிற்று.

எழுதி முடித்ததும் சேனை திரண்டது. முன்னணியில் மருதமுத்து, நடுவே பெண்கள் படை, பின்னணியில் இருமிக்கொண்டே வந்த முதியோர் படை. கடல் பொங்கி வருவதுபோல் அவர்கள் ஸ்டோர் ஜன்னலை நோக்கிப் பொங்கினார்கள். அவர்களிடம் ஓர் அரிய ஆயுதம் இருந்தது. மண்ணெண்ணெய் டின் ஒன்றில், போகிச் சாம்பல் முழுவதும் வளையங்களோடு அள்ளிக் கொண்டுவரப்பட்டிருந்தது.

“கிராணி ஐயா, கட்டை எல்லாம் இதுலதான் இருக்கு. உருவந்தான் மாறிப் போச்சு.”

கலியாணசுந்தரம் அடிக்கோலை எடுத்தார். டின்னுக்குள் எட்டிப் பார்த்தார். வளையம் ஒன்றை அடிக்கோலின் முனையால் தூக்கி, வெளிச்சத்தில் திருப்பி, மீண்டும் சாம்பலுக்குள் இறக்கினார்.

“சாண் இல்ல. முத்திரை இல்ல. தா போலே, முடியாது.”

“சாம்பல எப்படிய்யா சாண் போட்டு அளக்கறது?”

“அதத்தான் நானும் சொல்றேன்.”

அவருக்குப் பின்னால், ஓட்டிலிருந்து தொங்கிய கயிற்றில், நாற்பது புது மாறுகள் ஈர்க்கு மணம் மாறாமல், முத்திரை பளபளக்க, சிறைப்பட்ட இளவரசியரைப் போல் வரிசையாகத் தொங்கின. அவற்றைக் கண்ட சேனை பெருமூச்செறிந்தது. பெருமூச்சால் கோட்டை விழுவதில்லை. ஒருவர் சாம்பல் மூக்கிலேறித் தும்மினார். அத்தோடு முதல் நாட் போர் முடிந்தது.

வியாழக்கிழமை, கமலவேணி தனித்துப் போர் தொடுத்தாள். பெரட்டுக்கு அவள் ஒரு புது மாற்றோடு வந்து நின்றாள். கடைத்தெருவில் வாங்கியது, பிடி வெள்ளையாக வெறுமையாக இருந்தது.

“இது யாரு மாறு, கமலம்? முத்திரை எங்க?”

“கடை மாறு, மண்டோரே. கூட்டுனா குப்பை போவுமில்ல.”

“குப்பை போவும். பேரு வராதே.” மருதமுத்து அவள் முகத்தைப் பார்க்காமல் எழுதினார். “எனக்கு மட்டும் மனசு இருக்காதா லா? மேல ஒருத்தன் இதைச் சரி பாப்பான்.”

இரண்டு நாள் போயிற்று. எஞ்சியது ஒரு நாள்.

அன்று அவள் மேற்கொண்ட பயணத்தை ஆயிரம் நாவுடையோனும் பாட அலுப்பான். முத்திரையிட்ட கட்டை எங்கேனும் குப்பையோடு குப்பையாய் எறியப்பட்டிருக்கக்கூடும் என்னும் நம்பிக்கை ஒன்றையே துணையாகக் கொண்டு, வடமேற்கே கிளேபாங் கடற்கரை வரை நடந்தாள். அங்கே நண்டு வலைகளின் சிக்கலையும் தேங்காய் மட்டைகளின் மலையையும் கிளறினாள். அங்கிருந்து திரும்பி, நகரைக் குறுக்கே கடந்து, தென்கிழக்கே உஜோங் பாசிரில் மீனவர் வீட்டுக் குப்பைக் குழிகளைக் குனிந்து குனிந்து ஆராய்ந்தாள். ஒற்றைச் செருப்பு கிடைத்தது. உடைந்த குடைக் கம்பி கிடைத்தது. ஒரு பாட்டி, இவள் பசியால் குப்பையைக் கிளறுகிறாள் என்றெண்ணி, வாழையிலையில் இரண்டு கொழுக்கட்டையை வைத்துக் கொடுத்தாள். மறுத்தால் அந்த முகம் வாடும் என்பதால் கமலவேணி வாங்கித் தின்றாள். உண்மையில் பசிக்கவும் செய்தது.

வெயில் சாயத் தொடங்கிய நேரம், மனமும் சாய்ந்து அவள் திரும்பி வந்த வழி, வழக்கமான வழியன்று. துப்புரவு ஸ்டோரின் பின்பக்கத்துத் தெரு அது. அங்கேதான் மார்க்கெட்டுக் கிளையின் ஸ்டோர் இருந்தது.

இந்த இரண்டு ஸ்டோர்களின் வரலாறு வினோதமானது. ஒரே கூரை, ஒரே தகரச் சுவர். சுவருக்கு இந்தப் பக்கம் வீதி கூட்டும் துப்புரவுக் கிளை, அந்தப் பக்கம் மார்க்கெட்டுக் கிளை. வாசல்கள் மட்டும் இரண்டு தெருக்களைப் பார்த்தன. முன்னொரு காலத்தில் இக்கிளைகளை ஆண்ட இரு துரைமார் கிளப்பில் டென்னிஸ் ஆடி, பந்து கோட்டுக்கு உள்ளே விழுந்ததா வெளியே விழுந்ததா என்பதில் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். அன்று முதல் கொள்முதலும் இரண்டு, பதிவேடும் இரண்டு, பகையும் இரண்டு. துரைமார் இருவரும் கப்பலேறிப் போய்விட்டனர். சுவர் போகவில்லை. பந்து எங்கே விழுந்தது என்றே அறியாத இரண்டு கிராணிமார், எசமான விசுவாசத்தோடு அந்தப் பகையைக் கட்டிக் காத்து வந்தனர்.

அந்த வாசலில் கமலவேணி நின்றாள். நின்றவள் கண்களில் ஒரு மலை பட்டது. தரையிலிருந்து உத்தரம் வரை, சாணுக்குக் குறையாமல், முத்திரை விளங்க, தேய்ந்த மாற்றுக் கட்டைகள் அடுக்கப்பட்டிருந்தன. பாற்கடலைக் கடைந்தவர்கள் அமுதத்தைக் கண்டபோதும் இப்படி வாயடைத்து நின்றிருக்க மாட்டார்கள். அம்மலையின் அடிவாரத்தில் ஸ்டோர் கிராணி ஹாஜா, வெள்ளைத் தொப்பியும் கைலியுமாக ஸ்டூலில் அமர்ந்து தேநீரை ஆற்றிக்கொண்டிருந்தார்.

“பாய், அந்தக் கட்டையில ஒண்ணு எனக்குத் தர முடியுங்களா?”

“ஒண்ணா? முழுக்க எடுத்துக்கிட்டுப் போங்கக்கா. மூணு வருசமா இதுங்களோடதான் குடும்பம் நடத்துறேன். ஆபீசர் பாத்துக் கையெழுத்துப் போடாம தூக்கிப் போடக் கூடாதுன்னு ரூல். கையெழுத்துப் போட வேண்டிய துரை இங்கிலாந்து போய்ச் சேந்துட்டாரு.”

“எனக்குக் குடுத்தா தப்பாயிடாதா?”

“தூக்கிப் போடத்தான் கூடாது. குடுக்கக் கூடாதுன்னு ஒரு வரி இல்ல. முழுசாப் படிச்சுட்டேன். படிக்கிறதத் தவிர இங்க எனக்கு என்னக்கா வேலை? புது மாறு கேட்டு தீவாளியிலேர்ந்து எழுதுறேன், வரல. என் ஆளுங்க பதினெட்டு பேரு மீன் மார்க்கெட்ட சாக்கு வச்சுத் தேய்க்கிறாங்க.”

அவர் மலையின் உச்சியிலிருந்து நல்லதாக ஒரு கட்டையைப் பார்த்து எடுத்து, தூசியைத் தம் கைலியிலேயே துடைத்து, இரு கைகளாலும் கொடுத்தார். ஒரு தேய்ந்த கட்டையைக்கூட அசிங்கமாகக் கொடுக்கலாகாது என்று நினைக்கிற மனிதர் அவர்.

வெற்றி கைக்கு வந்துவிட்டது. ஐந்து மணிக்கு ஜன்னல் மூடுமுன் போனால் போதும். கமலவேணி அந்தக் கட்டடத்தை ஒட்டியிருந்த சந்தில் புகுந்து, துப்புரவு ஸ்டோரின் பக்கவாட்டுக் கொல்லை வழியாக விரைந்தாள். விரைந்த கால்கள் நின்றன.

கொல்லை மூலையில், பப்பாளி மரத்தடியில், ஒரு சாம்பல் வட்டம். வட்டத்தில் மாக்கோலத்தின் மிச்சம். சாம்பலின்மேல் கறுத்த கம்பி வளையங்கள். அவற்றை அவளுக்குத் தெரியும். அதே போன்ற இருபத்திரண்டு வளையங்களை அவள் தன் கையாலேயே டின்னில் அள்ளியிருந்தாள். குனிந்து எண்ணினாள். முப்பத்தொன்று.

இரும்புத் தளபதியின் ரகசியம் அவளுக்கு விளங்கிற்று. சென்ற ஆண்டு முழுவதும் திரும்பி வந்த கட்டைகளை, அதிகாரி வந்து எண்ணிப் பார்ப்பதற்கென்று அடுக்கி வைத்திருந்த அந்தக் கட்டைகளையே, சட்டத்தின் காவலர் போகியன்று தம் திருக்கரத்தால் அக்கினிக்கு அர்ப்பணித்திருக்கிறார். அவற்றை எண்ண அதிகாரி வெள்ளிக்கிழமை வருகிறார் என்று பெரட்டில் சொல்லியிருந்தார்கள்; அது நாளை. எண்ணிக் காட்ட ஒரு கட்டையும் இல்லாத மனிதர், இன்னும் இருபத்திரண்டு மாறுகளை எதை நம்பிக் கொடுப்பார்.

இவ்விடத்தில் வேறொரு வீராங்கனை என்ன செய்திருப்பாள் என்பதை நாம் அறிவோம். வளையத்தைக் கையிலெடுத்து, ஜன்னல் முன் நின்று, தெருக்கேட்கச் சிரித்திருப்பாள். அல்லது கையிலிருந்த ஒற்றைக் கட்டையை நீட்டித் தன் மாற்றை மட்டும் பெற்றுத் தன் பெயரை மட்டும் காத்துக்கொண்டிருப்பாள். அதில் குற்றம் சொல்லவும் இடமில்லை. கமலவேணியோ சாம்பலின்மேல் காலால் மண்ணைத் தள்ளி வளையங்களை மூடினாள். மூடிவிட்டு வந்த வழியே திரும்பிப் போய், “பாய், தள்ளுவண்டி இருக்குங்களா?” என்று கேட்டாள்.

ஹாஜா அஸர் தொழுதுவிட்டு வந்து வண்டியைத் தாமே தள்ளினார். ஐம்பத்துமூன்று கட்டைகள் அவளுக்காக, அடியில் பதினெட்டு அவருக்காக. தேர் அசைந்தது. சக்கரம் முழங்கிற்று. தெருநாய்கள் கட்டியம் கூறின. மார்க்கெட்டுக் கிளையின் வாகனம் துப்புரவுக் கிளையின் வாசலில் பாதம் பதித்தது, அந்தப் பந்து விழுந்த நாளுக்குப் பின் இதுவே முதல் முறை.

கலியாணசுந்தரம் ஜன்னல் கதவில் கை வைத்திருந்தார். கமலவேணி இருபத்திரண்டு கட்டைகளைப் பலகைமேல் அடுக்கினாள். அவர் அடிக்கோலை எடுத்து ஒவ்வொன்றாக அளந்தார். சாண் இருந்தது. முத்திரை இருந்தது. எந்தக் கிளையின் கட்டை என்று சட்டம் கேட்கவில்லை. கயிற்றிலிருந்து மாறுகள் ஒவ்வொன்றாக இறங்கின. பிறகு அவள் குரலைத் தாழ்த்தி, மேலும் முப்பத்தொன்றை ஜன்னலுக்குள் தள்ளினாள்.

“இது ஐயாவுக்கு.”

அவர் கட்டைகளை விரலால் தொட்டு எண்ணினார். “யாரு சொன்னா?”

“யாரும் சொல்லலீங்க. நாங்களுந்தான எரிச்சோம்.”

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைக்க வேண்டியது கண்ணாடியாக இல்லை. “வீட்டுல எரிக்கறதுக்குப் பழசுன்னு ஒண்ணும் இல்லம்மா. மொத போகியாச்சே, வெறுமனே விடக் கூடாதுன்னு... ஸ்டோர்லதான் இருந்துச்சு.” சற்று நிறுத்தி, “புதன்கிழமை நீங்க டின்ன நீட்டினப்ப எனக்கு நெஞ்சே நின்னுருச்சு” என்றார்.

அப்போது வண்டியின் பின்னாலிருந்து ஹாஜா முன்வந்தார். பதினெட்டுக் கட்டைகளைப் பலகைமேல் வைத்தார்.

“கிராணி, நானும் ரூல்படிதான் வந்திருக்கேன். கட்டை, சாண், முத்திரை.”

இரு பெரும் கோட்டைகளின் அதிபர்கள், எட்டு ஆண்டு ஒரே தகரத்தின் இரு பக்கத்தில் ஒருவர் இருமலை ஒருவர் கேட்டுக்கொண்டு வாழ்ந்தவர்கள், முதன்முறையாக ஒருவரையொருவர் நேரில் நோக்கினார்கள்.

“அந்தப் பக்கம் காலையில இருமறது நீங்கதானா?” என்றார் கலியாணசுந்தரம்.

“ஆமா. சனிக்கிழமை தேவாரம் பாடுறது நீங்கதானே. நல்லா இருக்கும்.”

கயிற்றில் எஞ்சியிருந்த பதினெட்டு மாறுகளும் இறங்கின. கயிறு வெறுமையாக ஆடிற்று.

கலியாணசுந்தரம் கடன்பட்ட கட்டைகளைத் தம் கட்டைகளென்று காட்டி மறைக்கவில்லை. முப்பத்தொன்றைத் தாம் போகியில் எரித்ததையும், அவற்றுக்கீடாக மார்க்கெட்டுக் கிளை தந்துதவியதையும், எவர் கேட்டு எப்படி வந்தது என்பதையும் ஒளிக்காமல் எழுதி மறுநாள் அதிகாரியின் கையில் கொடுத்தார். புதிதாகப் பதவியேற்ற உள்ளூர் இளைஞர் அவர். இரண்டு முறை படித்தார். வெளியே போய் ஒரு வாசலைப் பார்த்தார், சுற்றி நடந்து மறு வாசலைப் பார்த்தார். “ஒரே கூரைக்கு ஏன் இரண்டு ஸ்டோர்?” என்று கேட்டார். டென்னிஸ் ஆட்டத்தைப் பற்றிச் சொல்ல யாருக்கும் துணிவு வரவில்லை. அவர் சிரித்தபடி தாளின் அடியில் எழுதினார்: எரித்தது மன்னிக்கப்பட்டது, இனி இரு கிளையும் சேர்ந்தே சாமான் கேட்கட்டும், ஒன்றில் மிகுந்ததை மற்றொன்று எடுத்துக்கொள்ளட்டும், சுவரில் ஒரு கதவு வைக்கட்டும். தீபாவளி முதல் வராத மாறுகள், இரு கையொப்பம் ஒரே தாளில் விழுந்ததும் பத்தாம் நாள் லாரியில் வந்திறங்கின.

அதற்கெல்லாம் முன்பாக, அந்த வெள்ளி விடியலில், பெரட்டுக் களத்தில் இருபத்திரண்டு புது மாறுகள் வேல்களென நிமிர்ந்து நின்றன. மருதமுத்து தொண்டையைச் செருமிக்கொண்டு, மற்றப் பெயர்களையெல்லாம் தள்ளி வைத்துவிட்டு, ஏழாண்டில் முதன்முறையாக அவள் பெயரை முதலில் படித்தார்.

“கமலவேணி. மாறு?”

“இருக்கு.”

முரசங்கள் அதிர்ந்தன என்று பாடுவோம்; வானோர் பூமாரி பொழிந்தனர் என்று பாடுவோம். பட்டியல் அடிபடாமல் மேலே சென்றது. மாசி பிறக்குமுன் லயத்தின் ஒன்பதாம் எண் அறையின் சாவி, ஒரு நாட்டின் செங்கோலைக் கைமாற்றுவதுபோல், மண்டோர் கையிலிருந்து அவள் கைக்கு மாறிற்று. இரு மகள்களும் இருபுறமும் வர, பாயும் பானையும் பரிவாரமாகப் பின்தொடர, பகைவரையும் பழிக்காமல் வென்ற அப்பெருந்தகையாள் வலக்காலை எடுத்து வைத்து வாயிலில் நுழைந்து, பெரிய பெண்ணைக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தித் தாழிடச் சொல்லி, அந்தத் தாழ் விழும் ஓசையைக் கண்மூடிக் கேட்டு, இறைவனை நினைத்து இரு கரமும் குவித்தாள்.

உள்ளே ஒரே ஒட்டடையாக இருந்ததால், பக்கத்து வீட்டில் விளக்குமாறு இரவல் வாங்கி வந்து கூட்டினாள்.